மாதுளை மணப்பாகு

நாட்டு மருந்துக் கடையில் லேகியங்களுக்கும் சூரணங்களுக்கும் நடுவே செந்நிறப் புட்டி ஒன்று நிற்கும். அதுதான் மாதுளை மணப்பாகு. சென்னை இம்ப்காப்ஸும் அரசு நிறுவனமான டாம்ப்காலும் தயாரிக்கிற இதை, கர்ப்பிணிகளின் குமட்டலுக்குச் சித்த வைத்தியர்கள் தருகிறார்கள். ஆனால் இதை மருந்தாக மட்டும் பார்ப்பது அநியாயம். இவ்வளவு அழகான பாகு நம் சமையலறையில் வேறில்லை.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். முத்துகளை மிக்ஸியில் நைய அரைக்கக் கூடாது. விதை உடைந்தால் கசப்பு இறங்கும். கையால் பிசைந்து மெல்லிய துணியில் வடிகட்டுவதே மேல். ஒரு பங்கு சாற்றுக்கு ஒரு பங்கு சீனி. புளிப்போடு வினைபுரியும் என்பதால் இரும்பும் அலுமினியமும் ஆகாது. எவர்சில்வர் பாத்திரம் போதும். தணலைக் குறைத்தே வைக்க வேண்டும். சூடு மிஞ்சினால் அந்தச் சிவப்பு பழுப்பாகிவிடும். விரலிடையில் பிசுக்கென்று ஒட்டும் பதத்தில் இறக்கி, ஆறியதும் பன்னீரும் தேனும் சேர்த்தால் மணம் எழும்.

ஏனாத்தூர், உத்திரமேரூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலுக்கு, இரண்டு கரண்டி பாகு, பானைத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, ஊறிய சப்ஜா விதை இருந்தால் போதும். நுங்கின் மேலும் கடற்பாசியின் மேலும் ஊற்றலாம். சூடான பாலில் மட்டும் வேண்டாம், திரிந்துவிடும். கடைச் சர்பத்தின் சாயத்தைக் குடித்துப் பழகிய பிள்ளைகளுக்கு உண்மையான பழத்தின் புளிப்பையும் துவர்ப்பையும் அறிமுகப்படுத்த இதைவிட நல்ல வழி இல்லை.