ஸ்டோர் ஸ்பானரும் சேவல் மார்க் வண்டியும்

தோட்டத்தில் எங்கோ ஒரு பழைய மோட்டார் சைக்கிள் கிடக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். பதுளைப் பக்கத்தில் கைதேர்ந்த மெக்கானிக் பாஸ் ஒருவர் அது எந்தக் கம்பனி, எந்த வருஷம் என்றெல்லாம் முதலில் விசாரிக்கமாட்டார். "எங்க கெடந்துச்சு?" என்றுதான் கேட்பார். அந்தப் பதிலை வைத்தே பாதி நோயைச் சொல்லிவிடுவார்.

உரக் காம்பராவில் கிடந்தது என்றால் அவர் முகம் மாறும். அமோனியம் சல்பேட்டும் ஈரமும் கலந்த காற்று அலுமினியத்தை வெள்ளை மாவாக்கிவிடும். குரோமியப் பூச்சு செதில் செதிலாக உரியும். ஸ்போக் கம்பி கையோடு முறிந்து வரும். மாட்டுப்பட்டியில் கிடந்தாலும் ஏறக்குறைய இதே கதிதான். விறகுக் கொட்டில் பரவாயில்லை; அங்கே எலியும் மண்குளவியும்தான் தொல்லை. ஸ்டோர் என்று தோட்டத்தார் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், அடுப்புச் சூடு படும் சுவரோரமாகச் சாத்தி வைத்திருந்த வண்டி என்றால் பாஸ் எழுந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொள்வார். கொழுந்தைக் காயவைத்த வெப்பம் அந்த இரும்பையும் காப்பாற்றியிருக்கும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வீசும் வறண்ட காற்றுதான் நம் தேயிலைக்குப் பெயர் பெற்ற மணத்தைத் தருகிறது. பழைய வண்டிகளுக்கும் அதுவே நல்ல காலம். ஒக்டோபருக்குப் பிறகு வரும் வடகீழ்ப் பருவமழைதான் எமன்.

இப்படிக் கண்டெடுக்கப்படும் வண்டிகளில் என் மனசுக்கு மிகவும் பிடித்தது பிஎஸ்ஏ பேன்டம். ஆரம்ப வண்டி 123 சிசி, ஒரே சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், மூன்று கியர், சுமார் 70 கிலோ எடை. நோர்ட்டனுக்கும் ட்ரையம்ஃபுக்கும் முன்னால் இதைச் சின்னப் பிள்ளை என்று சிலர் ஒதுக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த வண்டியின் வம்சம் பெரியது. ஜெர்மனியில் டிகேடபிள்யூ கம்பனி 1939இல் கொண்டுவந்த ஆர்டி 125 தான் இதன் மூலம். போரில் ஜெர்மனி தோற்றதும் அந்த வரைபடங்கள் இழப்பீடாக வென்றவர்கள் கைக்குப் போயின. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் அதை வைத்து ஒரு 125 சிசி வண்டி செய்தது. மொஸ்கோவிலும் ஒன்று செய்தார்கள். ஜப்பானில் யமஹா 1955இல் விற்ற முதல் மோட்டார் சைக்கிளும் இதே சாயல்தான். பர்மிங்காமில் பிஎஸ்ஏ வரைபடத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் திருப்பி, கியரை பிரிட்டிஷ்காரர் பழகிய வலது காலுக்குக் கொண்டுவந்து, 1948இல் பேன்டம் என்று வெளியிட்டது. முதலில் ஏற்றுமதிக்கு மட்டும், பிறகுதான் உள்ளூருக்கு. பெற்றோல் டாங்கியில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் சேவல் அதன் அடையாளம். பழைய ஆட்கள் பெயரைச் சொல்லாமல் 'சேவல் மார்க்' என்றே சொல்வார்கள். 1971இல் உற்பத்தி நிற்கும்வரை 3,50,000க்கும் மேல் செய்திருக்கிறார்கள்.

தோட்டத்தில் முகாமையாளரான பெரியதுரைக்குக் கார், அவருடைய உதவியாளரான சின்னத்துரைக்கு மோட்டார் சைக்கிள் என்பது எழுதாத சட்டம். விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்துக்கு வரும் சின்னத்துரையின் வண்டிச் சத்தம் மேட்டு லயத்துக்குக் கேட்ட பிறகுதான் பலர் அடுப்பை விட்டு எழுந்தார்கள். துரைமார் போனபோது வண்டிகள் போகவில்லை. கிளாக்கர், டிஸ்பென்சர், டீமேக்கர் என்று கைமாறி, கடைசியில் ஸ்டோரில் மெசின் பார்த்தவரிடம் வந்து சேர்ந்தன. 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. அந்த ஆண்டுகளில் இறக்குமதியும் முடங்கியிருந்ததால் உதிரிப்பாகம் கிடைக்காமல் பல வண்டிகள் மூலைக்குப் போயின. 1977க்குப் பிறகு ஜப்பான் வண்டிகள் வந்து இறங்கியதும் மூலையில் கிடந்தவற்றை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த வண்டிகளின் நம்பர் தகட்டைத் துடைத்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு தனி ஈடுபாடு உண்டு. ஆங்கில எழுத்தில் இருந்தால் மூத்த வண்டி. சிங்கள ஸ்ரீ இருந்தால் 1950களின் பிற்பகுதிக்கு இந்தப் பக்கம். அந்த ஒற்றை எழுத்துக்கு எதிராக 1958இல் வடக்கில் தொடங்கி மலைநாடு வரை பரவிய எதிர்ப்பும், பொகவந்தலாவையில் நடந்த துப்பாக்கிச் சூடும் நினைவுக்கு வராமல் அந்தத் தகட்டைத் துடைக்க முடிவதில்லை. அது வேறு கட்டுரைக்கு உரிய விஷயம். ஆனால் தகட்டைப் புதிதாக எழுதவேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பேன்டத்தின் நட்டுகள் மில்லிமீற்றரில் அடங்காதவை. விட்வர்த் எனப்படும் பழைய பிரிட்டிஷ் அளவு. கடையில் வாங்கிய மெட்ரிக் ஸ்பானரைப் போட்டுத் திருகினால் மூலை மழுங்கி நட்டு உருண்டையாகிவிடும். கொழும்பில் பலர் இங்கேதான் தோற்றுப்போகிறார்கள். மலைநாட்டில் அந்தச் சிரமம் குறைவு. நம் ஸ்டோர்களில் ஓடிய மெசின்களில் பெரும்பாலானவை பிரிட்டனில் செய்தவை. கெயின்ஸ்பரோவின் மார்ஷல் ரோலர், பெல்ஃபாஸ்டின் சிரோக்கோ ட்ரையர் என்று எல்லாமே அதே விட்வர்த் அளவு. அந்த மெசின்களைக் கழற்றிப் பூட்டியே வளர்ந்த தமிழ்த் தொழிலாளர் தலைமுறைகள் உண்டு. ஸ்பானர் பெட்டி அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்தது. மரையைத் தடவியே அளவு சொல்லும் விரலும் சேர்ந்தே வந்தது. பழைய பிரிட்டிஷ் வண்டியை உயிர்ப்பிக்கும் கலை ஊவாவில் இன்னும் இருக்கிறதென்றால் அதற்குத் தேயிலை ஸ்டோர்தான் பள்ளிக்கூடம் என்பது என் முடிவு. இந்த வித்தைக்குச் சான்றிதழ் கிடையாது. தோட்ட வரலாறு எழுதுகிறவர்கள் துரையின் பெயரை எழுதுகிறார்கள். ரோலரைக் கழற்றிப் பூட்டியவரின் பெயரை எழுதுவதில்லை.

இப்போது வேலைக்கு வருவோம். ஹாலி-எலப் பக்கத்தில் ஒரு பாஸ் பேன்டம் ஒன்றை எழுப்பியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் முதலில் செய்தது ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான். வண்டிக்காரப் பையன் ஆர்வத்தில் கிக்கரில் காலை வைத்தான். "தம்பி, உதைக்காதீங்க! ரிங் ஒடஞ்சு போகும். ஒடஞ்ச ரிங் சிலிண்டர கீறிப்புடும். அப்புறம் நான் என்ன பண்றது?" என்று தடுத்தார். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டீசலும் ஒயிலும் கலந்து ஊற்றினார். வார்ப்பிரும்புச் சிலிண்டருக்கும் அலுமினியப் பிஸ்டனுக்கும் நடுவில் துரு பிடித்து இறுகிக் கிடக்கும் ரிங்குகளுக்குள் அது ஊறி இறங்க நாளாகும். அதுவரை வேறு வேலை பார்த்தார். பிறகு டொப் கியரைப் போட்டு, பின் சக்கரத்தை முன்னும் பின்னுமாக, ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை என்று அசைத்தார். பலம் போடவே இல்லை. சக்கரம் ஒரு கட்டத்தில் 'கிரீச்' என்று இளகியது. பிஸ்டன் மேலே வந்து போனதை நாங்கள் பிளக் துளையில் விரலை வைத்து, அது இழுத்த காற்றில் உணர்ந்தோம்.

சிலிண்டரைக் கழற்றிப் பார்த்ததில் கீறல் ஆழமாக இல்லை. லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் ஒரு சைஸ் கூட்டித் துளைத்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் போதும் என்றார். அந்தப் பிஸ்டன் இன்றும் இங்கிலாந்தில் புதிதாகச் செய்து விற்கப்படுகிறது. பேரிங்குக்கும் ஒயில் சீலுக்கும் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. அளவெடுத்துக்கொண்டு போனால் நம் ஊர்க் கடையிலேயே பொருந்துகிற ஒன்று அகப்படும். சீல் விஷயத்தில் பாஸ் கறாராக இருந்தார். வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் பழைய ரப்பர் கல்லாகியிருக்கும். அதை மாற்றாமல் பூட்டினால் எஞ்சின் கியர் ஒயிலைக் குடித்து வெண்புகை கக்கும். அல்லது கள்ளக் காற்றை இழுத்துத் தன்பாட்டுக்கு அலறும். சைலன்சருக்குள்ளிருந்து மண்குளவிக் கூடு கட்டி கட்டியாக உதிர்ந்தது. காபரேற்றரின் கிண்ணத்தில் பழைய பெற்றோல் வற்றி, பழுப்புப் பிசினாக ஒட்டிக்கிடந்தது. ஜெட்டின் துளை மயிரிழைதான். அதில் கம்பியை விட்டுக் குத்தக்கூடாது, துளை பெருத்துவிடும், ஊறவைத்து ஊதவேண்டும். ஊறவைத்துத்தான் ஊதினார்.

நான் சொக்கிப்போனது மெக்னீற்றோவில். பேன்டத்தின் ஆரம்ப வண்டிகளில் பற்றரி இல்லாமலே ஓடக்கூடியவை உண்டு. சுழலும் காந்தம், ஒரு கொயில், ஒரு கண்டன்சர், ஒரு சோடி பொயின்ட். அந்தப் பொயின்ட் இரண்டும் எந்தக் கணத்தில் பிரிகின்றனவோ அந்தக் கணத்தில் பிளக்கில் பொறி பறக்கவேண்டும். பிஸ்டன் உச்சிக்குப் போவதற்குச் சில மில்லிமீற்றர் முன்பே அது நடக்கவேண்டும். பாஸ் முதலில் பொயின்டின் முகங்களை மெல்லிய எமெரித் தாளால் உரசி, வெற்றுத் தாளை நடுவில் வைத்து இழுத்துத் துடைத்தார். எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி இருந்தாலும் பொறி செத்துவிடும். பிறகு சிகரெட்டின் மெல்லிய கடதாசியைக் கிழித்துப் பொயின்டுகளுக்கு இடையில் செருகினார். பிளக் துளைக்குள் விட்ட கம்பியில் கோடு போட்டிருந்தார். இடது கையால் கடதாசியை லேசாக இழுத்துப் பிடித்தபடி வலது கையால் சக்கரத்தை நகர்த்தினார். கடதாசி இறுக்கமாக நின்றது. இன்னும் கொஞ்சம். அப்போதும் நின்றது. இன்னும் ஒரு மயிரிழை நகர்ந்ததும் அது விட்டுக்கொடுத்து வந்துவிட்டது. கம்பியில் இருந்த கோடும் அங்கேயே நின்றது. "இதுக்கு மேல மீற்றர் வேணுமா?" என்று கேட்டார். வேண்டாம்தான்.

பிளக்கைச் சிலிண்டர் மேல் சாய்த்து வைத்து உதைத்துப் பார்த்தபோது மஞ்சள் பொறி வந்தது. பாஸ் தலையை ஆட்டினார். மஞ்சள் பொறி பகலில் கண்ணுக்குத் தெரியும். எஞ்சினுக்குள் அமுக்கம் ஏறும்போது தாங்காது. கண்டன்சரை மாற்றிய பிறகு நீலமாக, 'டிக்' என்று காதுக்குக் கேட்கிற பொறி வந்தது. அந்தச் சத்தத்துக்காகவே நான் அவர் பக்கத்தில் உட்காரத் தயார்.

பெற்றோல் 20 பங்குக்கு ஒயில் 1 பங்கு. பேன்டத்தின் டாங்கி மூடியிலேயே ஒயில் அளக்கும் குழல் இருக்கிறது. இப்படி யோசித்துச் செய்த வண்டியை எப்படி வெறுப்பது? காபரேற்றரின் சின்னப் பொத்தானை அமுக்க, பெற்றோல் கசிந்து விரலை நனைத்தது. இப்போதுதான் கிக்கரை உதைக்கப் பையனுக்கு அனுமதி. முதலில் வெறும் மூச்சு. பிறகு ஒரு 'பட்'. நீலப் புகை. கொஞ்சம் இருமி, நின்று, மறுபடி உதைக்க, 'டங் டங் டங்' என்று பிடித்துக்கொண்டது. உடனே திருக விடவில்லை. சூடேறும்வரை தாழ்ந்த ஓட்டத்தில் வைத்துக் காது கொடுத்துக் கேட்டார். பிஸ்டன் தட்டுகிறதா, செயின் உரசுகிறதா, பேரிங் முனகுகிறதா என்று தனித்தனியாகப் பிரித்துக் கேட்கும் காது அது.

ஓடத் தொடங்குவதோடு வேலை முடியாது, மலை இருக்கிறது. பதுளை நகரம் ஏறக்குறைய 680 மீற்றர் உயரம். அப்புத்தளை 1,400க்கு மேல். பதுளையில் சரியாகச் சுருதி சேர்த்த காபரேற்றர் அப்புத்தளையில் பெற்றோலை அதிகமாகக் குடித்து, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று வெடிக்கும். தெரிந்தவர்கள் ஊசியை ஒரு காடி இறக்கிக்கொண்டு ஏறுவார்கள். அதைவிட ஆபத்தானது இறக்கம். இந்த எஞ்சினுக்கு ஒயில் பெற்றோலோடு கலந்துதான் போகிறது. பெரகலையிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்கும்போது திருகியை முழுக்க மூடிக்கொண்டு கியரிலேயே விட்டால், எஞ்சின் வேகமாகச் சுற்றும், ஒயில் மட்டும் போகாது. ஏற்றத்தில் தாங்கிய பிஸ்டன் இறக்கத்தில் இறுகும். அதனால் அடிக்கடி ஒரு சின்னத் திருகல், ஒரு வாய் ஒயில். பழைய சின்னத்துரைமார் வண்டிகள் மலை இறங்கும்போது 'ம்ம்... ர்ர்ம்' என்று விட்டுவிட்டு முனகியதன் ரகசியம் இதுதான். ஸ்டைலுக்காக என்று பலர் நினைத்திருந்தார்கள்.

இப்போது பழைய வண்டிக்கு மவுசு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. மீண்டும் திறக்க 2025 ஆனது. 2022இல் எரிபொருள் கியூஆர் அட்டையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று வந்தபோது, லீற்றருக்கு 35 கிலோமீற்றர் ஓடக்கூடிய பேன்டம் இருந்தவர்கள் கெட்டிக்காரர்கள். மவுசு வந்ததும் மினுக்கலும் வந்தது. பளபளவென்று குரோமியம் அடித்து, பேன்டத்தின் மங்கிய பச்சையைச் சுரண்டி எறிந்து, கார் சிவப்பை அடித்துப் படம் எடுக்கிறார்கள். உதைத்தால் ஸ்டார்ட் ஆவதில்லை. அந்தப் பச்சையின் மேல் துரை முழங்காலும் கிளாக்கர் முழங்காலும் ஸ்டோர்க்காரர் முழங்காலும் மாறி மாறி உரசித் தேய்த்த இடம் இருக்கிறது. அதை அழிப்பவருக்கு வண்டி பிடிக்கும் என்று நான் நம்பமாட்டேன். ஓடுகிற அழுக்கு வண்டி, ஓடாத அழகு வண்டியைவிட நூறு மடங்கு மேல்.

பசறை, லுணுகலை, தெமோதரை, நமுனுகுலப் பக்கத்துத் தோட்டங்களில் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஸ்டோரிலோ தாத்தாவின் கொட்டிலிலோ இப்படியொன்று கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துப் போடாதீர்கள். பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுத்து வையுங்கள். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண் அலைச்சல். ஆர்வத்தில் கிக்கரை உதைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் ஒயில் ஊற்றி, துணியால் துளையை அடைத்து, மழை படாத இடத்துக்கு நகர்த்துங்கள். விட்வர்த் ஸ்பானர் வைத்திருக்கும் முதியவர் இன்னும் உங்கள் டிவிசனில் இருக்கக்கூடும். அவரைப் போய்ப் பாருங்கள், போகும்போது உங்கள் வீட்டுப் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.