கடைசி அடிக்கு முந்தைய அடிகள்

2023 செப்டம்பர் 30, ஹாங்சோ. ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆடவர் ஸ்குவாஷ் அணிப் பிரிவு இறுதி. இந்தியாவும் பாகிஸ்தானும் ஆளுக்கு ஓர் ஆட்டம் வென்றாகிவிட்டது. மூன்றாவது ஆட்டத்தின் ஐந்தாவது கேமில் சென்னையின் அபய் சிங் 8-10 என்று பின்தங்கி நிற்கிறார். நூர் ஸமான் இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் தங்கம் பாகிஸ்தானுக்கு. அங்கிருந்து அபய் வரிசையாக நான்கு புள்ளிகளைப் பறித்து, 12-10 என்று முடித்து, மட்டையை மேலே விட்டெறிந்தார்.

அந்த மட்டை காற்றில் பறந்த காட்சியைப் பார்க்காத விளையாட்டு ரசிகர் நம்மிடையே குறைவு. அந்த நான்கு புள்ளிகளின் ரேலிகளை முதல் அடியிலிருந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஸ்குவாஷுக்கு இது பழைய துயரம். முப்பது அடிகள் நீண்ட ரேலியில் முப்பதாவது அடியை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டுகிறார்கள். அந்த அடி ஏன் சாத்தியமாயிற்று என்பது முந்தைய இருபத்தொன்பதில் இருக்கிறது.

கோர்ட்டின் அளவைச் சொன்னால் சங்கதி புரியும். நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர். நடுவில் வலை கிடையாது. எதிராளி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம் என்ற பாகப்பிரிவினை இல்லை. இருவருக்கும் வேண்டியது ஒரே இடம்: தரைக்கோடுகள் 'டி' வடிவில் சந்திக்கும் நடுப்பகுதி. அங்கே நிற்பவருக்கு நான்கு மூலையும் எட்டும். அவரை அங்கிருந்து கிளப்பி மூலைக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தைத் தான் பிடித்துக்கொள்வதுதான் ஸ்குவாஷ். பந்தோ 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்ன ரப்பர் உருண்டை. தொழில்முறை ஆட்டங்களில் பயன்படும் இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்து, குளிர்ந்திருக்கும்போது துள்ள மறுக்கும். அடிபட்டுச் சூடேறிய பிறகுதான் உயிர் பெறும். அந்த ஆட்டங்களில் முன்சுவரின் அடியில் 43 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தகரப் பட்டை. பந்து அதில் பட்டால் 'டங்' என்று சத்தம் கேட்கும், புள்ளி போய்விடும்.

ஒரு ரேலியை நிதானமாக ஓட்டிப் பார்ப்போம். இருவரும் வலக்கைக்காரர்கள். முதலாமவர் இடப்பக்கச் சுவரை ஒட்டி நேராக ஒரு டிரைவ் அடிக்கிறார். பந்து முன்சுவரில் பட்டுத் திரும்பி, பக்கச்சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளியே பயணம் செய்து பின்மூலையில் இறங்குகிறது. இதைத்தான் 'டைட்' என்பார்கள். எதிராளி பின்னால் ஓடிப்போய் எடுக்கிறார். ஆனால் சுவர் மட்டையை முழுதாக வீசவிடாது. நெருக்கடியில் அவர் அடித்த பந்து சுவரைவிட்டுக் கொஞ்சம் விலகி வருகிறது. முதலாமவர் அதைத் தரையில் விழவிடாமல் வாலியில் வெட்டி, மறுபடியும் அதே பின்மூலைக்கு அனுப்புகிறார். எதிராளி அப்போதுதான் 'டி'யை நோக்கி இரண்டு எட்டு வைத்திருந்தார். திரும்பி ஓட வேண்டும். மூன்றாவது முறையும் அதே கதை. இந்தத் தடவை அவர் 'டி'க்கு வந்து சேரவில்லை, ஓர் எட்டு பின்னாலேயே நின்றுவிடுகிறார். உடம்பின் பாரம் குதிகாலில் இருக்கிறது. இப்போது வருகிறது அந்த அடி: முதலாமவர் அதே போல மட்டையை உயர்த்தி, கடைசிக் கணத்தில் மணிக்கட்டைத் தளர்த்தி, பந்தை முன்சுவரில் வெறுமனே தொட்டுவிடுகிறார். அது பக்கச்சுவரும் தரையும் சேரும் விளிம்பில், 'நிக்'கில், விழுந்து துள்ளாமல் உருண்டு போகிறது.

அரங்கம் கைதட்டுவது 'டிராப்' எனப்படும் அந்த மென்மையான தொடுதலுக்கு. நியாயம்தான், கண்ணுக்கு அழகான காரியம் அது. ஆனாலும் அந்த டிராப் நிக்கில் விழாமல் ஒரு சாண் துள்ளியிருந்தாலும் எதிராளியால் எடுத்திருக்க முடியாது. புள்ளி இரண்டாவது வாலியிலேயே முடிவாகிவிட்டது. நான் ஒரு டிராப்புக்கு மதிப்பெண் போடுவதாக இருந்தால், பந்து எங்கே விழுந்தது என்று பார்ப்பதற்கு முன் எதிராளி எங்கே நின்றார், பாரம் எந்தக் காலில் இருந்தது என்று பார்ப்பேன்.

இதற்கு நேர்மாறான திறமை ஒன்றும் இருக்கிறது: ஓடவிடாமல், நின்ற இடத்திலேயே ஏமாற்றுவது. 'ஹோல்ட்' என்று பெயர். அடிக்கத் தயாராக மட்டையை உயர்த்தியபடி, பந்து நன்றாகத் தாழும்வரை அடிக்காமல் ஒரு கணம் காத்திருப்பது. எதிராளியால் அவ்வளவு நேரம் அசையாமல் நிற்க முடியாது. முன்னால் டிராப் என்று ஊகித்து உடம்பைச் சாய்ப்பார். பந்து பின்னால் போகும். கனடாவின் ஜொனதன் பவர் இதில் மன்னன். 1998இல் தோஹாவில் பீட்டர் நிக்கலை வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆனவர். நிக்கல் ஒரு பந்தையும் விட்டுக்கொடுக்காத ஓட்டக்காரர். அவருடைய கால்களையே பவர் அவருக்கு எதிராகத் திருப்பிவிட்டார். இருவரும் மோதிய ஆட்டங்களில் பவரின் மட்டையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு நிக்கலின் முழங்கால்களைப் பாருங்கள், ஹோல்ட் என்றால் என்னவென்று விளங்கிவிடும்.

எகிப்தின் ராமி அஷூரை ரசிகர்கள் 'கலைஞர்' என்றே அழைத்தார்கள். 2008, 2012, 2014 என்று மூன்று முறை உலகச் சாம்பியன். அவருடைய அடிகளின் தொகுப்புகளைப் பார்க்கும் புதியவருக்கு, மனம்போனபடி ஆடி ஜெயித்த மந்திரவாதி என்று தோன்றும். அந்த எண்ணம் தவறு. பின்மூலையிலிருந்தே டிராப் போடுவது, முதல் சுவராகப் பக்கச்சுவரில் அடித்து, கேரம் பலகையில் கட்டையில் மோதித் திரும்பும் காயைப் போல முன்மூலைக்குப் பந்தைக் கொண்டுவரும் 'போஸ்ட்' போடுவது, இவையெல்லாம் மற்றவர்கள் கையில் தற்கொலை. பின்னாலிருந்து போடும் டிராப் கொஞ்சம் மிதந்தாலும் 'டி'யில் நிற்பவர் பாய்ந்து வந்து முடித்துவிடுவார். ராமிக்கு அது பலித்ததற்குக் காரணம், அதே இடத்திலிருந்து, அதே மட்டைத் தயாரிப்பில், அவரால் முழு வேக டிரைவும் அடிக்க முடிந்தது. அந்த டிரைவுக்குப் பயந்து எதிராளிகள் அரை எட்டு பின்னால் நின்றார்கள். அந்த அரை எட்டுத்தான் டிராப்புக்குக் கிடைத்த இடம்.

2014 தோஹா உலக இறுதி இதற்குச் சாட்சி. ராமியின் பின்தொடை அவரைப் பல ஆண்டுகள் வாட்டிய சத்துரு. காயத்திலிருந்து மீண்டு நேரே உலகப் போட்டிக்கு வந்திருந்தார். எதிரே சொந்த நாட்டின் முகமது எல்ஷோர்பகி, இளமையும் வேகமும் உச்சத்தில். 13-11, 7-11, 5-11, 11-5, 14-12. நடுவில் இரண்டு கேம்களில் ராமி சுருண்டார். ஐந்தாவது கேமில் மேட்ச் பால்களைத் தாண்டி வந்து வென்றார். கால் ஒத்துழைக்காத மனிதர் நீண்ட ரேலிகளைத் தாங்க முடியாது; ஆகவே முன்கூட்டியே தாக்கத்தான் வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயத்திலும் அவர் எப்போது தாக்கினார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்குவாஷ் என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால், அந்த ஐந்தாவது கேமை முழுதாகப் பாருங்கள் என்பேன்.

எதிர்த் துருவத்தில் 1983, இங்கிலாந்தின் சிசெஸ்டர். பாகிஸ்தானின் ஜஹாங்கீர் கானும் எகிப்தின் கமால் அவாதும் 2 மணி 46 நிமிடம் மோதினார்கள். முதல் கேம் மட்டும் 71 நிமிடம். அதை அவாத் 10-9 என்று எடுத்தார். அடுத்த மூன்றும் ஜஹாங்கீருக்கு: 9-5, 9-7, 9-2. அன்றைய விதிப்படி சர்வீஸ் போடுபவருக்கு மட்டுமே புள்ளி என்பதால் ஸ்கோர் நகராமலேயே ரேலிகள் நீண்டன. இதைச் சலிப்பு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரு பந்தைச் சுவரோடு ஒட்டி அடித்துக்கொண்டே இருக்க எவ்வளவு துல்லியம் வேண்டும்! களைத்த கையில் முதலில் கலைவது நீளம்தான். பந்து பின்மூலைக்கு எட்டாமல் நடுவில் விழ ஆரம்பிக்கும். முதல் கேமைத் தோற்ற ஜஹாங்கீரின் பந்து அதற்குப் பிறகும் பின்மூலையை விட்டு அகலவில்லை.

விதி மாறினால் எந்த அடிக்கு மதிப்பு என்பதும் மாறும். தகரத்தின் உயரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தொழில்முறை மகளிர் ஆட்டத்தில் 2015 வரை அது 48 சென்டிமீட்டர். அந்த ஆண்டு ஆடவருக்கு இருந்தது போல 43 ஆக்கினார்கள். வெறும் 5 சென்டிமீட்டர். பினாங்கில் பிறந்த மலேசியாவின் நிக்கோல் டேவிட், 8 உலகப் பட்டங்களோடு 2006 முதல் ஒன்பது ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தவர், அதே காலத்தில் அந்த இடத்தை எகிப்தின் ரனீம் எல் வெலிலியிடம் இழந்தார். டேவிட்டுக்கு அப்போது 32 வயது, வயதுக்கும் பங்கு உண்டு. பழியைத் தகரத்தின் மேல் மட்டும் போட முடியாது. ஆனால் எந்தப் பந்தையும் ஓடி எடுத்துவிடும் அவருடைய பலத்துக்கு இருந்த விலை குறைந்தது உண்மை. உயரமான தகரத்தில் டிராப் மிதந்துதான் வரும், ஓடிப் பிடிக்கலாம். தாழ்ந்த தகரத்தில் ரனீம் போன்ற கைக்காரிகளின் டிராப் இரண்டாம் துள்ளலுக்கு முன் எட்டாது.

ஹாங்சோவில் அபயை எதிர்த்து நின்ற நூர் ஸமான் யார் தெரியுமா? கமர் ஸமானின் பேரன். 1975இல் பிரிட்டிஷ் ஓபன் வென்ற கமர், கைத்திறமைக்கும் ஏமாற்று அடிகளுக்கும் பெயர்போனவர். பெரிய இறுதிகளில் ஆஸ்திரேலியாவின் ஜெஃப் ஹன்ட் என்ற இரும்பு உடம்புக்காரர் அவரைத் திரும்பத் திரும்ப மறித்தார். கையா காலா என்ற அந்த வழக்கு அரை நூற்றாண்டாக நடக்கிறது. எகிப்தின் அலி ஃபராக்கைப் பார்த்த பிறகு அந்த வழக்கே தேவையற்றது என்று எனக்குப் பட்டது. நான்கு உலகப் பட்டங்கள் வென்று 2025இல் ஓய்வுபெற்ற ஃபராக், அவசரப்பட்டு ஓடியதை நான் பார்த்த நினைவில்லை. நீளமான எட்டுகள், மூலைக்குப் போனதும் ஒரு கணம் நிலைப்பு, அந்த நிலைப்பிலிருந்து எந்த மூலைக்கும் பந்து போகலாம். அவருடைய கைத்திறமையை உண்டாக்கியதே அவருடைய கால்தான்.

2028 லாஸ் ஏஞ்சலஸில் ஸ்குவாஷ் முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெறுகிறது. 2025 டிசம்பரில் சென்னை எக்ஸ்பிரஸ் அவென்யூ வளாகத்தில் ஹாங்காங்கை 3-0 என்று வீழ்த்தி இந்தியா உலகக் கோப்பையை வென்றிருக்கிறது. ஜோஷ்னா சின்னப்பாவும் அபயும் அனாஹத் சிங்கும் நம் கண்முன் ஆடினார்கள். கண்ணாடிக் கோர்ட்டில் ஆட்டம் பார்க்கக் கிடைத்தால், பின்சுவருக்குப் பின்னால் மட்டும் உட்காராதீர்கள். ஒரு கேமாவது முன்சுவர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கிருந்துதான் காத்திருப்பவரின் முகமும் கால்களும் தெரியும். ஒளிபரப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள்: நிக்கில் பந்து உருளும் காட்சியை நான்கு கோணங்களில் காட்டியது போதும். ஒரே கோணம் போதும், ஆனால் மறுஒளிபரப்பை மூன்று அடிகள் முன்னாலிருந்து தொடங்குங்கள்.