கூர்மண்டையரின் நகரம்

குற்றநகரம் என்றால் காதம் சிட்டிதான் என்று சாதிக்கிற இளவட்டங்களோடு எனக்குப் பெரிய சண்டை ஒன்றும் கிடையாது. நல்ல நகரம்தான். 1989 பேட்மேன் படத்துக்கு ஆன்டன் ஃபர்ஸ்ட் எழுப்பிய காதமுக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள், அதில் மறுபேச்சில்லை. அந்தக் கட்டடங்களைக் காமிக்ஸுக்குள்ளும் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதற்காகவே 1992-ல் பழைய காதமைக் குண்டு வைத்துத் தகர்ப்பதாக ஒரு கதையே போட்டார்கள். அவ்வளவு மோகம். ஆனாலும் என் ஓட்டு ஸ்பைடர் கதைகளுக்கு ரெக் பன் வரைந்த நியூயார்க்குக்குத்தான். ‘எத்தனுக்கு எத்தன்’ படித்த கண்ணுக்கு மற்ற குற்றநகரங்களில் எல்லாம் வெளிச்சம் ஒரு படி கூடுதலாகவே தெரிகிறது.

பன்னின் இரவைக் கவனித்துப் பாருங்கள். மையை ஊற்றி வானத்தைக் கறுப்பாக்குகிற வேலை அவரிடம் அபூர்வம். பாவு ஓட்டி ஊடை கோத்த மாதிரி, குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய பேனாக் கோடுகளை அடுக்கி அடுக்கியே இருட்டை உண்டாக்குகிறார். சுவரும் அப்படித்தான், ஸ்பைடரின் முகக் குழிவும் அப்படித்தான், போலீஸ்காரரின் கோட்டு மடிப்பும் அப்படித்தான். மனிதனுக்கும் கட்டடத்துக்கும் ஒரே கோடு என்பதால், அந்த ஊரில் யாரும் சுவரிலிருந்து முழுசாகப் பிரிந்து வந்து நிற்பதில்லை. எந்த நிழல் எப்போது ஆளாக மாறும் என்று தெரியாது. குற்றநகரத்துக்கு இதைவிட வேறென்ன லட்சணம் வேண்டும்? ஜோக்கரையும் பென்குவினையும் இறக்கிவிட்டால்தான் காதம் பயமுறுத்தும். பன்னின் நகரம் ஆளில்லாத கட்டத்திலேயே பயமுறுத்தும்.

இந்தக் கை எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கொரு துணிபு உண்டு. நியூயார்க்குக்கு வருவதற்கு முன்னால் பன் ராபின் ஹுட் வரைந்துகொண்டிருந்தவர். ‘த்ரில்லர்’ பாக்கெட் வரிசையில் அந்தக் கதைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மரப்பட்டையும் இலைச்செறிவும் கொடிப்பின்னலும் அதே கோட்டு வேலை. சட்டத்துக்கு வெளியே நிற்கிறவனைக் காட்டுக்குள் ஒளித்து வைத்துப் பழகிய கை, அந்தக் காட்டையே பெயர்த்துக்கொண்டு வந்து நியூயார்க்கில் நட்டுவிட்டது என்பேன். அடிமரத்தின் இடத்தில் அடுக்குமாடி, கொடியின் இடத்தில் வலை. மாளிகை மேலிருந்து மாளிகைக்கு ஸ்பைடர் தாவும்போது எனக்கு ராபின் ஹுட்டின் ஷெர்வுட் காடுதான் ஞாபகத்துக்கு வரும். இங்கிலாந்துக்காரர் இங்கிலாந்துப் பையன்களுக்காகக் கற்பனை செய்த அமெரிக்கா அது. நிஜ மன்ஹாட்டனோடு பொருந்துகிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு என் அனுதாபம். ஸ்காட்லாந்துக் கோட்டை ஒன்றைக் கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுவந்து அமெரிக்காவில் குடியிருக்கிறவனுடைய கதை இது. அங்கே வரைபடத்தைத் தேடினால் எப்படி?

கதைப் பக்கம் வந்தால் என் கட்சி இன்னும் சிறுபான்மை. 1965 ஜூனில் லண்டனின் ‘லயன்’ வார இதழில் டெட் கோவன் எழுதி ஆரம்பித்த ஸ்பைடர்தான் என் ஸ்பைடர். குற்றவாளிகளுக்கு ராஜாவாக வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. பெட்டகம் உடைக்கிற ஆர்டினி, விஞ்ஞானி பெல்ஹாம் என்று சேர்மானமும் அதற்குத் தோதாகவே. துரத்துகிற கில்மோரும் ட்ராஸ்க்கும் நம் எதிரிகள். அந்த நகரத்தில் வாசகன் சாய்ந்துகொள்ள ஒரு நல்லவன் தோள் கிடையாது. காதமில் எவ்வளவு இருட்டினாலும் மேகத்தில் வௌவால் விளக்கு ஒன்று எரியும் என்ற தைரியம் நமக்கு உண்டு. கோவனின் நியூயார்க்கில் விளக்குப் போட வேண்டியவனே திருடன்.

அடுத்து வந்தவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். 1938-ல் ஜோ ஷுஸ்டரோடு சேர்ந்து அந்த உரிமையை 130 டாலருக்குக் கொடுத்துவிட்டு வாழ்நாளெல்லாம் அதற்காக வழக்காடியவர். அப்பேர்ப்பட்டவர் அறுபதுகளில் இங்கிலாந்து வார இதழுக்கு ஓரிரு பக்கமாக எழுதிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் மனசு கனக்கத்தான் செய்கிறது. ‘டாக்டர் டக்கர்’, ‘விண்வெளிப் பிசாசு’ மாதிரி ரகளையான கதைகளுக்கு நம் தலைமுறை அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் அவர் கையில்தான் ஸ்பைடர் திருந்தினான். திருடர் ராஜா திருடர்களைப் பிடிக்கக் கிளம்பினான். தமிழில் ‘நீதிக்காவலன் ஸ்பைடர்’ என்று தலைப்பே வந்துவிட்டது. வில்லன்கள் பெரிதாகப் பெரிதாக நகரம் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் பூதங்கள் மோதிக்கொள்கிற மைதானமாக நின்றது. ‘யார் அந்த மினி ஸ்பைடர்?’ வரும் காலத்தில் பன்னின் கோடுகள் மட்டும் இன்னும் குற்றநகரத்தையே வரைந்துகொண்டிருந்தன. கதைக்கு அது தேவைப்படவில்லை. கதையைவிட ஓவியர் நீண்ட நாள் விசுவாசமாக இருந்த தொடர் வேறு உண்டா, தெரியவில்லை.

இதைச் சொன்னால் ஈரோட்டில் அடிக்க வருவார்கள். ஆகஸ்ட் புத்தகத் திருவிழாவை ஒட்டி நம் லயன்-முத்து காமிக்ஸ் வாசகர்கள் கூடுகிற கூட்டத்தில் பாதிக்குமேல் வெஸ்டர்ன் நாயகன் டெக்ஸ் வில்லர் கட்சி. பாலைவனத்தில் என்ன குற்றம் நடந்தாலும் அடிவானம் தெரிகிறது, ஒளிய இடமில்லை. அது ஒழுங்கான ஊர். மாயாவி கட்சியோடு விவாதிப்பது இன்னும் கஷ்டம், ஏனென்றால் அவர்கள் பக்கம் ஜீசஸ் ப்ளாஸ்கோ இருக்கிறார். 1972-ல் முத்து காமிக்ஸ் முதல் இதழிலேயே ‘இரும்புக்கை மாயாவி’யின் ஓவியராக வந்து ஒரு தலைமுறையை மயக்கியவர். ப்ளாஸ்கோவின் தெருக்களில் மழை ஈரம் தெரியும், கார் கண்ணாடியில் வெளிச்சம் வழுக்கும். என்ன செய்ய, அவர் கை அழகானது. குற்றம் நடக்கிற தெருவும் அழகாகிவிடுகிறது. பன்னின் சந்தில் யாரும் உலாப் போக ஆசைப்பட மாட்டார்கள்.

எங்கள் கருமத்தம்பட்டியில் அப்போது மாதா கோயில் கோபுரத்தை விட்டால் அண்ணாந்து பார்க்க ஒன்றுமில்லை. மற்றபடி ஓட்டுக் கூரையும் தறிக்குடோனும், அவிநாசி ரோட்டில் லாரியும்தான். நைட் ஷிப்ட்டில் ஊடைக்குழல் மாற்றுகிற இடைவெளியில் டியூப்லைட் அடியில் வைத்து ஸ்பைடர் படித்தவன் நான். பக்கத்துத் தறிக்காரப் பெரியவர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, திருடனையா படிச்சுட்டு உக்காந்திருக்கறே?” என்றார். தறிச் சத்தத்தில் பதில் சொல்லவில்லை. மறுநாள் அவரே கேட்டு வாங்கினார். ஆர்டினி ஸ்பைடரைக் கவிழ்க்கத் திட்டமிடுகிற இடம் வந்ததும், “கூடவே இருக்கறவன நம்பக் கூடாதுங்கறது அங்கயும் உண்டா” என்று அவர் சந்தோசப்பட்டது நிஜமான விமர்சனம். பிறகு கோவை உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் அட்டை கிழிந்த லயன்களைத் தேடி அலைந்ததெல்லாம் தனிக் கதை.

1984-ல் ‘கத்தி முனையில் மாடஸ்டி’யோடு சிவகாசியில் தொடங்கிய நம் தமிழ் லயன், சில மாதங்களிலேயே ஸ்பைடரைக் கூட்டி வந்துவிட்டது. பெரிய இங்கிலாந்துப் பக்கத்தைப் பிய்த்துக் கைக்கடக்கமாகச் சுருக்கி, மலிவான பழுப்புக் காகிதத்தில் அச்சிட்டார்கள். அந்தக் காகிதத்தைத்தான் இன்று எல்லோரும் கேலி செய்கிறார்கள். நான் சொல்வது வேறு. சுருக்கியதில் பன்னின் கோடுகள் ஒன்றோடொன்று நெருங்கின. மட்டக் காகிதம் மையைக் குடித்ததில் இடைவெளிகள் அடைபட்டன. லண்டனில் சாயங்காலமாக இருந்தது சிவகாசியில் நள்ளிரவானது. அந்த நகரத்தின் கடைசி இருட்டைப் போட்டது நம் அச்சு எந்திரம்.

2021-ல் ரெபெல்லியன் நிறுவனம் ஸ்பைடரைப் புதுப்பித்து வெளியிட்ட ஆங்கிலத் தொகுப்பைக் கோவைத் தம்பி ஒருவர் கொண்டுவந்து காட்டினார். அருமையான பதிப்பு. வெள்ளைத் தாள். ஒவ்வொரு கோடும் தனித்தனியாக எண்ணலாம். பன்னின் உழைப்பைப் படிக்க வேண்டும் என்றால் அதைத்தான் வாங்க வேண்டும். “அண்ணா, இப்பதானுங்க படமே தெரியுது” என்றார் தம்பி. அதுதானே குறை! எல்லாம் தெரிகிற ஊரில் யார் எங்கே ஒளிவது?

இந்த விஷயம் தெரிந்த ஒரே காதம்காரர் எரிக் ராடோம்ஸ்கி. 1992 பேட்மேன் அனிமேஷன் தொடரில் வெள்ளைத் தாளில் இருட்டைப் பூசாமல், கறுப்புத் தாளில் வெளிச்சத்தை மட்டும் தீட்டிப் பின்னணிகளை உருவாக்கினார். அந்தக் காதமுக்கு மட்டும் நான் எழுந்து நின்று வணக்கம் வைப்பேன். அப்புறம் என்ன ஆயிற்று? நோலன் சிகாகோவில் காமிராவை வைத்தார். ‘தி டார்க் நைட்’ நல்ல படம், நகரம் மட்டும் வாடகைக்கு எடுத்தது. இன்றைய காமிக்ஸிலோ, கம்ப்யூட்டரில் கட்டடப் புகைப்படத்தைப் போட்டு மேலே கோடு இழுத்து, ஊதாவும் ஆரஞ்சுமாக ஒளிக்கலவை பூசிவிடுகிறார்கள். ஜன்னல்கள் எல்லாம் ஒரே அளவு. பன்னின் ஜன்னல்களில் இரண்டு ஒன்றுபோல் இருந்து நான் பார்த்ததில்லை.

ஸ்பைடரின் காது, கூம்பு நெற்றி, ஹெலிகார் எல்லாம் இன்று வேடிக்கைப் பொருளாகிவிட்டன. கூர்மண்டையர் என்று நாமே பட்டப்பெயர் வைத்துச் சிரிக்கிறோம். நானும் தலைப்பில் வைத்துவிட்டேன், பாசம்தான். ஆனால் சிரிக்கிற அவசரத்தில் அவனுக்குப் பின்னாலிருக்கிற சுவரை யாரும் பார்ப்பதில்லை. பழைய கதைகளை மறுபதிப்பு கேட்கிறவர்கள் கலர் கேட்கிறார்கள், ஹார்ட்கவர் கேட்கிறார்கள், பெரிய சைஸ் கேட்கிறார்கள். ஈரோட்டுக் கூட்டத்தில் கோவன் எழுதிய ஆரம்பக் கதைகளை மட்டும் பழைய கையடக்க அளவில், பழுப்புத் தாளில் கேட்கலாம் என்று நான் சொன்னபோது, எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பி, டெக்ஸுக்கு அடுத்த குண்டு புக் எப்போது என்று தன் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.