துப்பாக்கியின் பூர்வகதை

பணயக் கதை என்னும் வகை மனிதத்தன்மை எய்தியது நம் காலத்தில்தான் என்றும், முன்னாளில் துப்பாக்கியோடு வாசற்படி ஏறியவன் வெறும் துஷ்டனாகவே சித்திரிக்கப்பட்டான் என்றும், அவனுக்கும் ஒரு பால்யமும் ஆறாத ஒரு காயமும் ஒளித்துவைத்த ஒரு ரகசியமும் உண்டு என்று கண்டுசொன்ன பெருமை இணையத் தொடர்களையே சாரும் என்றும் ஓர் அபிப்பிராயம் இப்போது நம்மிடையே நாகரிகமாகப் பரவி வருகிறது. ஸ்பானிய மொழியில் 2017-இல் தொடங்கிய ‘மணி ஹைஸ்ட்’ தொடரை இதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். 2022-இல் வெளிவந்த ‘எ தர்ஸ்டே’ என்னும் ஹிந்திப் படத்தை அதற்கும் மேலே ஒரு படியில் ஏற்றி வைப்பவர்களும் உண்டு. இந்த அபிப்பிராயத்துக்குச் சரித்திரம் துணைநிற்கவில்லை என்பது ஒருபுறம் இருக்க, ரசனையும் துணைநிற்கவில்லை என்பதே என் கட்சி. பணயக் கதைக்குப் பூர்வகதை புதிதல்ல. அது யாருடைய பூர்வகதை என்பதைப் பொறுத்தே இவ்வகைப் படைப்புகள் உயர்ந்தும் தாழ்ந்தும் வந்திருக்கின்றன.

ஆதி காலத்தை இங்கே விஸ்தரிக்கப் போவதில்லை. எதையும் அசோகவனத்திலிருந்து தொடங்கும் வழக்கம் நம்மவர்க்கு உண்டென்றாலும் அதை விட்டுவிடுகிறேன். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’வில், வஞ்சகத்தால் கொண்டுபோகப்பட்டு அந்நியர் மாளிகையில் அடைபட்ட பெண்ணின் பின்னே ஒரு குடும்பச் சூழ்ச்சி இருந்தது, 1935-இல் படமாகவும் வந்த அந்தக் கதையில் ரகசியம் என்பது வாசகனை அடுத்த அத்தியாயத்துக்கு இழுத்துச் செல்வதோடு தன் கடமையை முடித்துக்கொண்டது. அதே ஆண்டில் அமெரிக்க நாடக மேடையில் ராபர்ட் ஷெர்வுட் எழுதிய ‘தி பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட்’ அரங்கேறிற்று. அரிஸோனா பாலைவனத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து அங்கிருப்போரைச் சிறைப்படுத்தும் கொள்ளைக்காரனாக மேடையிலும், அடுத்த ஆண்டு திரையிலும் ஹம்ப்ரி போகார்ட் நடித்தார். அவரே 1948-இல், ஜான் ஹூஸ்டனின் ‘கீ லார்கோ’வில், புயலடிக்கும் ஃபிளாரிடாக் கரையின் ஹோட்டல் ஒன்றில் அடைபட்டவர் பக்கத்தில் நிற்கிறார்: யுத்தத்தில் மடிந்த தோழனுடைய தகப்பனாரையும் விதவை மனைவியையும் பார்த்துப் போக வந்த பழைய சிப்பாய், இனி எதற்காகவும் போராடுவதில்லை என்று மனம் கசந்துபோனவன். அந்தக் கசப்பு, அதாவது அடைபட்டவனுடைய கடந்த காலம், கொள்ளைத் தலைவனின் துப்பாக்கியைக் காட்டிலும் படத்தை முன்னே நகர்த்துகிறது. நம் நவீன விமர்சகர்கள் புதிதென்று கொண்டாடுவது, அதனினும் செம்மையான உருவில், 1948-லேயே இருந்தது.

ஆயினும் இவ்வகையின் நன்மையும் தீமையும் ஒருங்கே கருக்கொண்ட இடம் ஜோஸஃப் ஹேஸ் 1954-இல் எழுதிய ‘தி டெஸ்பரேட் அவர்ஸ்’ நாவல்தான். மறு ஆண்டே அது நாடகமாகவும், வில்லியம் வைலரின் இயக்கத்தில் படமாகவும் வந்து பெயர் பெற்றது. சிறையிலிருந்து தப்பிய மூவர் நடுத்தர வர்க்கக் குடும்பம் ஒன்றின் வீட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். படத்தில் அவர்கள் அந்த வீட்டைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், முற்றத்துப் புல்லில் கிடக்கும் ஒரு சிறுவனின் சைக்கிள். குழந்தை உள்ள வீட்டில் தகப்பன் வீரம் பேச மாட்டான் என்பது தலைவனின் கணக்கு. அந்தச் சைக்கிளைக் காட்டும் ஒரு கணத்தில் வைலர் சொல்லிவிடுவதை, இன்றைய தொடர்கள் இரண்டு மணி நேர வசனத்திலும் சொல்வதில்லை. அந்தத் தலைவனுக்கும் ஒரு பூர்வகதை உண்டு: தன் தாடையை உடைத்துச் சிறைக்கு அனுப்பிய போலீஸ் அதிகாரி மீது தீராத வஞ்சம். ஆனால் ஹேஸும் வைலரும் அந்த வஞ்சத்தை ஒரு சமாதானமாக நம்மிடம் நீட்டவில்லை. அது அவனுடைய புத்தியைக் கெடுக்கும் பலவீனமாகவே கதையில் வேலை செய்கிறது.

இந்தக் கதைக்கு வெளியே நிகழ்ந்தது அதனினும் சுவாரசியமானது. 1952-இல் பென்ஸில்வேனியா மாகாணத்தில் ஒரு குடும்பத்தைத் தப்பியோடிய கைதிகள் மூவர் 19 மணி நேரம் அவர்கள் வீட்டிலேயே சிறைவைத்திருந்தார்கள். வந்தவர்கள் அடிக்கவில்லை, வசைபாடவில்லை, மரியாதையாகவே நடந்துகொண்டார்கள் என்று விடுதலையான பின் அந்தக் குடும்பத்தார் சொன்னார்கள். நாடகம் அரங்கேறியபோது ‘லைஃப்’ சஞ்சிகை, அந்தக் குடும்பம் பட்டபாடே மேடையேறியிருக்கிறது என்று எழுதி, நடிகர்களை அந்தப் பழைய வீட்டுக்கே அழைத்துச் சென்று, நடவாத அடிதடிகளை நடந்தனபோல் நடிக்கவைத்துப் படம் பிடித்துப் போட்டது. ஊரை விட்டே போய் மறதியில் ஒதுங்கியிருந்த குடும்பம் நீதிமன்றத்தை நாடியது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அங்கே அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் பின்னாளில் ஜனாதிபதியான ரிச்சர்ட் நிக்ஸன். 1967-இல் தீர்ப்பு பத்திரிகைக்கே சாதகமாயிற்று. பணயக் கதையின் ரசிகர்கள் இந்த வழக்கை மறக்கலாகாது என்பேன். மரியாதையான கைதி கதைக்கு உதவமாட்டான். கதை தனக்கு வேண்டிய குரூரத்தையும் வஞ்சத்தையும் உற்பத்தி செய்துகொள்கிறது. அவ்வாறு உற்பத்தி செய்யப்பட்டதை மெய்யான கடந்த காலமாகச் சுமக்க நேர்ந்தவர்கள், முன்பே ஒரு முறை அடைபட்டுக் கிடந்தவர்கள்.

எழுபதுகளைப் பற்றி அதிகம் பேச எனக்கு விருப்பமில்லை, அவை நன்றாக இருந்தமையால். ஜான் கோடியின் நாவலைத் தழுவி 1974-இல் வந்த ‘தி டேக்கிங் ஆஃப் பெல்ஹாம் ஒன் டூ த்ரீ’ நியூயார்க் சுரங்க ரயிலின் ஒரு பெட்டியைப் பிடித்து வைத்திருக்கும் நால்வரையும் பெயரால் அன்றி நிறங்களால் அழைத்தது. கடைசியில் ஒருவனைக் காட்டிக்கொடுப்பது அவனுடைய ஜலதோஷம். மறு ஆண்டு சிட்னி லூமெட்டின் ‘டாக் டே ஆஃப்டர்நூன்’ நேர்மாறான திசையில் சென்றது. 1972 ஆகஸ்டில் புரூக்ளின் வங்கி ஒன்றில் நடந்த மெய்ச் சம்பவமே அதன் மூலம். கொள்ளையனின் ரகசியம் (தன் காதலருடைய பால்மாற்று அறுவைசிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்பது) படத்தின் நடுவே வெளிப்படுகிறது. ஆனால் அது அவனை விடுதலை செய்வதில்லை, அவனுடைய சங்கடத்தை இரட்டிப்பாக்குகிறது. சற்றுமுன் அவனுக்காக ஆர்ப்பரித்த தெருக்கூட்டத்தில் ஒரு பகுதி இப்போது அவனைப் பார்த்து நகைக்கிறது. அந்தப் புரூக்ளின் சம்பவத்துக்கும் லூமெட்டின் படத்துக்கும் நடுவே, 1973 ஆகஸ்டில், ஸ்டாக்ஹோம் வங்கி ஒன்றில் ஆறு நாள் அடைபட்டிருந்த நால்வர் தங்களை அடைத்தவர்களைக் காட்டிலும் போலீஸாரிடமே அதிகம் அஞ்சினார்கள் என்னும் செய்தியிலிருந்து ஒரு மனோதத்துவப் பெயர் பிறந்து உலகைச் சுற்றிவிட்டது. ‘மணி ஹைஸ்ட்’டில் தன்னை அடைத்தவனையே காதலித்து அவன் கூட்டத்தில் சேரும் பெண் ‘ஸ்டாக்ஹோம்’ என்றே பெயர் சூட்டிக்கொள்கிறாள். ஒரு துன்பத்தின் பெயர் பட்டப்பெயராகிவிட்டது. அதைப் பரிகாசம் என்று கொள்வதா பெருமை என்று கொள்வதா என்பது அத்தொடருக்கே தெளிவாகத் தெரியவில்லை.

காலவரிசையை மீறி இதுவரை நான் நிறுத்திவைத்திருந்த படைப்பு அகிரா குரோஸாவாவின் 1963-ஆம் ஆண்டுப் படமாகிய ‘ஹை அண்ட் லோ’. எட் மெக்பெயினின் ‘கிங்ஸ் ரான்ஸம்’ என்னும் சாதாரணமான போலீஸ் நாவலை எடுத்துக்கொண்டு, மூலத்தில் பணம் தர மறுத்துவிடும் செல்வனைப் பணம் தருபவனாக மாற்றியதால் மட்டுமே குரோஸாவா அதை வேறொரு ஜாதிப் படைப்பாக்கிவிட்டார். யோகஹாமாக் குன்றின் மேல் வீடு. காலணிக் கம்பெனியின் அதிகாரி கோண்டோ, தன் சொத்து முழுவதையும் அடகு வைத்துக் கம்பெனியைக் கைப்பற்ற முனைந்திருக்கும் இரவில், அவர் மகன் என்று எண்ணி ஒருவன் டிரைவரின் மகனைக் கடத்திவிடுகிறான். குழந்தைகள் விளையாட்டில் உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். கடத்தியவன் பிழையை அறிந்த பின்னும் கேட்ட தொகையைக் குறைக்கவில்லை: மூன்று கோடி யென். தன் பிள்ளைக்காகக் கொடுத்திருப்பார். ஊழியன் பிள்ளைக்காகக் கொடுப்பாரா? படத்தின் முற்பாதி ஏறக்குறைய முழுவதும் ஒரே கூடத்தில், அந்த டிரைவர் வாய் திறக்கத் தைரியமின்றி மூலையில் நிற்க, நடக்கிறது.

பணம் தர முடிவான பிறகு வரும் காட்சியைக் கவனியுங்கள். பணப் பைகளுக்குள் அடையாள ரசாயனம் அடங்கிய பொட்டலங்களை ஒளித்துத் தைக்க வேண்டும்; நீரில் போட்டால் நாற்றமும் நெருப்பில் இட்டால் வண்ணப் புகையும் எழும். போலீஸார் தடுமாறும்போது, கோண்டோ தம் பழைய கருவிப்பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, தரையில் குனிந்து உட்கார்ந்து, பதினாறு வயதில் காலணித் தொழிலாளியாகத் தொடங்கிய கைகளால் தோலைக் கீறித் தைக்கிறார். பின்னோக்குக் காட்சி கிடையாது, புலம்பல் கிடையாது. ஒரு மனிதன் எங்கிருந்து ஏறி வந்தான், இனி எங்கே இறங்கப் போகிறான் என்பது அந்த விரல்களில் தெரிகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் பிற்பாடு ஒரு புகைபோக்கியிலிருந்து இளஞ்சிவப்பாக எழும் புகையைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்தத் தையல் போதும்.

கடத்தியவனோ, குன்றின் கீழே வெக்கையும் குளிரும் மாறி மாறி வாட்டும் சிற்றறையிலிருந்து அந்த வீட்டை அண்ணாந்து பார்த்தே வெறுப்பை வளர்த்த மருத்துவ மாணவன். தூக்குத் தண்டனைக்கு முன் அவனே கோண்டோவை வரவழைக்கிறான். ஆயினும் தன் மனத்தை ஆராய்ந்து காட்டும் உத்தேசம் தனக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறான். இருவர் முகமும் இடையிலுள்ள கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. காரணம் கேட்ட நமக்கு ஓர் அலறல் மட்டுமே மிஞ்சுகிறது. கடத்தலுக்குச் சட்டத்தில் தண்டனை போதாது என்னும் ஆத்திரத்தோடு இந்தப் படத்தை எடுத்த குரோஸாவா, கடத்தியவனை வெறுக்க நமக்கு எவ்வளவோ இடம் கொடுத்தும், அவனைப் புரிந்துகொண்டதாக நாம் நிம்மதி அடைய மட்டும் இடம் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜப்பானியத் தண்டனைச் சட்டம் பணயக் கடத்தலுக்கென்றே கடுமையான தனிப் பிரிவைச் சேர்த்துக்கொண்டது.

இந்த மார்க்கத்தில் வந்த உருப்படியான வாரிசு ஸ்பைக் லீயின் ‘இன்சைட் மேன்’ (2006). அதன் முகப்பில் ஒலிப்பது நம் ஏ. ஆர். ரஹ்மானின் ‘சைய்ய சைய்ய’ என்பதில் நமக்குள்ள அற்ப சந்தோஷம் ஒருபுறம் இருக்கட்டும். வங்கியைப் பிடித்தவர்கள் பணத்தைத் தொடவில்லை. அவர்கள் தேடுவது 392-ஆம் எண் பெட்டகம், அதற்குள் வங்கியின் ஸ்தாபகர் நாஜிகளோடு செய்துகொண்ட பழைய வியாபாரத்தின் சாட்சியம். இங்கே ரகசியம் துப்பாக்கி பிடித்தவனுடையதன்று. வெளியே கோட்டும் சூட்டுமாக நின்று கவலைப்படும் தர்மப் பிரபுவினுடையது. முற்றுகை ஒரு விசாரணையாகிறது. கடந்த காலத்தின் ரகசியத்தைப் பணயக் கதையில் எங்கே வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் நாட்டுப் படங்களோ வேறு பாதையைப் பிடித்தன. 2008-இல் நீரஜ் பாண்டேயின் ‘எ வெட்னஸ்டே’யும், அதைத் தழுவி மறு ஆண்டு கமல் ஹாசன் நடித்து வந்த ‘உன்னைப்போல் ஒருவ’னும் ஒரு நகரத்தையே பணயமாக வைத்தன, பெயரும் ஊரும் சொல்லாத சாமானியன் கடைசியில் ஒரு நீண்ட பிரசங்கம் செய்கிறான், காவல்துறை உயரதிகாரி உருகிப்போகிறார். திறமையான படங்கள்தாம், ஆனால் எதிர்த்தரப்புச் சாட்சி இல்லாத நீதிமன்றத்தில் ரசிகனை ஜூரியாக உட்காரவைக்கும் தந்திரத்தை நம் கதாசிரியர்கள் கற்றது இங்கேதான். ‘எ தர்ஸ்டே’யில் மழலையர் பள்ளி ஆசிரியை 16 குழந்தைகளைப் பிடித்து வைத்துக்கொண்டு பிரதமரையே நேரில் வரவழைக்கிறாள், அவளுக்கு இளம் பருவத்தில் நேர்ந்த பாலியல் கொடுமையும், அதற்கு நீதி கிடைக்காமற் போனதும் இறுதியில் வெளிப்படுகின்றன. அந்தக் கொடுமை பொய்யன்று. நம் நீதிமன்றங்களின் தாமதமும் பொய்யன்று. நான் வினவுவது, அந்தப் பதினாறு பேர் எங்கே போனார்கள் என்பதே. அவர்களுக்கு முகமில்லை, பயமில்லை, ஞாபகமில்லை. அவர்கள் ஒரு தொகை. இரகசியம் அவிழ்ந்ததும் அவர்களுக்குச் செய்யப்பட்டது மன்னிக்கப்பட்டதாகவே படம் கொள்கிறது. ‘பீஸ்ட்’ (2022) படத்தில் உளவாளியான நாயகனுக்கு ஒரு குழந்தையின் மரணம் பற்றிய குற்றவுணர்ச்சியைக் கொடுத்திருந்தார்கள். வணிக வளாகத்துக்குள் சண்டை தொடங்கிய பிறகு அதை அவரும் மறந்தார், நாமும் மறந்தோம்.

இவற்றோடு ஒப்பிட, அதிகம் பேசப்படாத ராதா மோகனின் ‘பயணம்’ (2011) எவ்வளவோ கௌரவமானது. கடத்தப்பட்ட விமானம் திருப்பதியில் இறங்குகிறது. படம் தன் நேரத்தின் பெரும்பகுதியைப் பயணிகளுக்கே தருகிறது. திரையில் பத்துப் பேரை அடிக்கும் சினிமா நாயகன் ஒருவனும் அவர்களுள் அடைபட்டு, தன்னை நோக்கித் திரும்பும் ரசிகனின் கண்களுக்கு முன் குறுகி உட்கார்ந்திருக்கிறான். ஹாஸ்யம் சில இடங்களில் மிகைதான். ஆயினும் அடைபட்டவனுடைய பழைய பொய் ஒன்று நெருக்கடியில் அம்பலமாவதைத் தமிழ்ப் படம் ஒன்று வேடிக்கையாகவேனும் கண்டுகொண்டது. நம் தொடர்க்கதைக்காரர்கள் பின்பற்றியிருக்க வேண்டிய வழி இது.

ஸ்பைக் லீ 2025-இல் குரோஸாவாவின் கதையையே ‘ஹையஸ்ட் டு லோயஸ்ட்’ என்னும் பெயரில் நியூயார்க்குக்குக் கொண்டுவந்திருக்கிறார். காலணிக் கம்பெனி இசைக் கம்பெனியாயிற்று; டென்ஸல் வாஷிங்டன் அதிபர். கடத்துபவன் ஒரு ராப் பாடகன். தன் பாட்டு அந்த அதிபரின் காதில் ஏறவேண்டும் என்று ஏங்கியவன். குரோஸாவா படத்து மருத்துவ மாணவன் கூற மறுத்த காரணத்தை இவன் தாளக்கட்டோடு கூறுகிறான், அதிபரும் பதில் கூறுகிறார், கதை எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது. ‘இன்சைட் மே’னை எடுத்தவரே இந்த வழிக்கு வந்துவிட்டாரே என்பதுதான் என் வருத்தம். டிரைவரின் மகனுக்காகப் பணம் தருவதா வேண்டாமா என்று அந்த அதிபர், தம் பழைய சிநேகிதனான டிரைவரின் முகத்தைப் பார்க்கக் கூசித் தவிக்கும் முற்பகுதியோடு படம் எனக்கு முடிந்துவிட்டது.