பங்காளி வீட்டுப் பாத்திரம்

ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் என்றால் நிரலையும் சேர்த்து ஓசியில் கொடுப்பார்கள். அதை எப்படி உபயோகிப்பது என்ற கையேட்டை யார் எழுதுவது? சம்பளமில்லாத வேலை. புரோகிராம் எழுதுவதில் இருக்கும் கிக்கும் இதில் கிடையாது. ஒருவர் முன்வந்தாலும், 'எந்தக் கருவியில் எழுதி வெப்சைட் ஆக்குவது?' என்று சண்டை ஆரம்பித்துவிடும். நீங்கள் அப்படியொரு கோஷ்டியில் இருந்தால், பைத்தான் மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

2008 வரை அவர்கள் கையேடு லேட்டெக்கில் இருந்தது. டொனால்டு கனூத்தின் டெக் மேல் லெஸ்லி லாம்போர்ட் கட்டிய மாடி அது. கணக்குச் சமன்பாடுகளை அச்சில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால், பைத்தான் கையேட்டில் சமன்பாட்டுக்கு எங்கே போவது? எல்லோரும் படித்தது பிரவுசரில். லேட்டெக்கை வெப் பக்கமாக மாற்ற உபயோகித்த புரோகிராமோ பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. பெர்ல், பைத்தானுக்குப் பங்காளி. பங்காளி வீட்டில் பாத்திரம் கடன் வாங்கிக் கல்யாணச் சமையல்!

அதுகூடப் பரவாயில்லை. கையேட்டில் ஒரு பிழையைப் பார்த்துத் திருத்த நினைக்கும் வாசகரை பின்சாய்கோடுகளும் நெளிந்த அடைப்புக்குறிகளும் மிரட்டின. 'வெறும் டெக்ஸ்டாக அனுப்புங்க, நாங்க அலங்காரம் பண்ணிக்கிறோம்' என்று சொல்லிப் பார்த்தார்கள். அலங்கார வேலை நாலைந்து பேர் தலையில் விழுந்தது.

கியோர்க் பிராண்டல் என்பவர் இதற்காகவே ஸ்ஃபிங்ஸ் என்ற கருவியை எழுதினார். 2008-ல் பைத்தான் 2.6, 3.0 இரண்டின் கையேடும் அதில் வந்தன. சாதாரண எழுத்துதான். ஒரு வரிக்கு அடியில் கோடு இழுத்தால் அது தலைப்பு. நட்சத்திரங்களுக்கு நடுவில் வைத்தால் சாய்வெழுத்து. கையேட்டில் உள்ள உதாரண நிரல்களை ஓட்டிப் பார்த்து, எழுதியிருக்கிற விடை வராவிட்டால் காட்டிக்கொடுக்கவும் வசதி உண்டு. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்தக் கோள்மூட்டிதான்.

குறையும் உண்டு. வரியின் முன்னால் விடும் இடைவெளி பிசகினால் முறைக்கும். ஒரு லிங்க் கொடுக்க அது கேட்கும் குறிகள் அநியாயம். ஜான் க்ரூபர் 2004-ல் வெளியிட்ட மார்க்டவுன் இதைவிட எளிது. உங்களுக்குப் பத்துப் பக்கம் போதுமென்றால் மார்க்டவுனைப் புரிந்துகொள்ளும் எம்கேடாக்ஸை எடுத்துக்கொண்டு ஜோலியைப் பாருங்கள். ஃபேஸ்புக் 2017-ல் வெளியிட்ட டாகுசாரஸ் பார்க்க ஜோர். ஜாவாஸ்கிரிப்ட் பழகியவர்களுக்குச் சரி. மற்றவர்களுக்கு மறுபடி பங்காளி வீடுதான்.

'அப்படியானால் லினக்ஸ் கெர்னல்?' என்று கேட்பீர்கள். முழுக்க சி மொழி ஆட்கள். அவர்களும் 2016-ல், 4.8 பதிப்பிலிருந்து, டாக்புக்கை விட்டு பைத்தானில் எழுதப்பட்ட ஸ்ஃபிங்ஸுக்கு மாற ஆரம்பித்தார்கள். டாக்புக் என்பது எக்ஸ்எம்எல் காடு. ஸ்ஃபிங்ஸ் ஃபைலையோ, எந்தக் கருவியும் இல்லாமல் எடிட்டரில் திறந்து அப்படியே படிக்கலாம். நாளைக்கு ஸ்ஃபிங்ஸே காணாமல் போனாலும் எழுதினது மிச்சம். பங்காளி விஷயத்தை இதற்காக மன்னிக்கலாம்.

உங்கள் கோஷ்டி இன்னும் சண்டையில் இருந்தால், புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் ஒரு கமாவைத் திருத்தச் சொல்லுங்கள். கருவியை நிறுவுவதிலிருந்து, திருத்தம் திரையில் தெரியும்வரை கடிகாரத்தைப் பாருங்கள். அரை நாள் ஆனால் வேறு கருவி தேடுங்கள்.