பாக்குத் தீவும் பிரேக் மருந்தும்

பினாங்கு என்ற பெயரே பாக்கிலிருந்து வந்ததுதான். ஜார்ஜ்டவுன் மார்க்கெட் தெருவில் மல்லிகைச் சரத்தோடு வெற்றிலைக் கட்டும் சீவலும் சேர்ந்தே விலைபோகும். தாம்பூலம் மாற்றாமல் நிச்சயதார்த்தம் ஏது? அந்தப் பாக்கு, புகையிலை சேராவிட்டாலும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடம், அதிலும் பெண்களிடம் அதிகம்.

அதனால், உடலின் எதிர்ப்புச் சக்தியையே புற்றின் மேல் ஏவும் நோயெதிர்ப்புச் சிகிச்சையின் குறைநிறை இங்குள்ள தமிழருக்கு வீட்டு விவகாரம்.

நம் உடலின் காவலரான டி செல்களில் பிடி-1 என்றொரு பிரேக் இருக்கிறது. புற்றுக்கட்டி அதை மிதித்துக்கொண்டே இருக்கும். நிவோலுமாப் போன்ற மருந்து அந்தக் காலைத் தட்டிவிடும். இவ்வகைச் சிகிச்சைக்கு அடித்தளமிட்ட ஆய்வாளர்கள் அலிசனும் ஹோன்ஜோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் கீமோவுக்குப் பிறகும் தலை, கழுத்துப் புற்று (வாய்ப் புற்றும் இதில் அடக்கம்) தலைதூக்கிய 361 பேரிடம் நடந்து 2016இல் வெளியான சோதனையில், நிவோலுமாப் பெற்றவர்களில் 13.3 விழுக்காட்டினருக்கே கட்டி சுருங்கியது. ஏழெட்டுப் பேரில் ஒருவர்!

மற்றவர்களுக்கு? துணை மருந்து சேர்த்துப் பார்க்கிறார்கள். எபகாடோஸ்டாட்டை அப்படித்தான் கொண்டாடினார்கள். 706 மெலனோமா (தோல் புற்று) நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையில் 2018இல் அது படுத்துவிட்டது. இன்னொரு துணை மருந்தான ரெலாட்லிமாப் தேறியது. நிவோலுமாப் மட்டும் கொடுத்தபோது மெலனோமா 4.6 மாதம் அடங்கியிருந்தது. ரெலாட்லிமாபையும் சேர்த்ததும் 10.1 மாதமானது. கடும் பக்கவிளைவும் 9.7இலிருந்து 18.9 விழுக்காடாக ஏறியது. இரண்டு மருந்தென்றால் செலவும் கூடும்.

சுபாங் ஜெயாவில் இயங்கும் கேன்சர் ரிசர்ச் மலேசியாவின் வழி வேறு. கட்டிக்குள் டி செல்லே நுழையாதபோது பிரேக்கை விடுவித்து என்ன பயன்? பேராசிரியர் சியோங் சோக் சிங்கின் குழு, சவுத்தாம்ப்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து, தலை, கழுத்துப் புற்றில் அடிக்கடி தென்படும் இரண்டு புரதங்களை டி செல்களுக்கு அடையாளம் காட்டும் டிஎன்ஏ தடுப்பூசியை உருவாக்கியது. எலிகளில் அது பிரேக் மருந்தின் பலனைக் கூட்டியது. நம் பகுதி நோயாளிகளை மனத்தில் வைத்துத் தொடங்கிய வேலை என்பது இதன் பெரிய பலம். எலியில் வென்று மனிதரில் தோற்ற மருந்துகள் ஏராளம் என்பதையும் மறக்க வேண்டாம்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையோ புது மருந்தே தேடவில்லை, அளவைக் குறைத்தது. வழக்கமாக இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம் போகும் நிவோலுமாபை மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் மட்டும், மலிவான மாத்திரைகளோடு கொடுத்தார்கள். தலை, கழுத்துப் புற்று நோயாளிகள் 151 பேர் கலந்துகொண்ட அந்தச் சோதனையில், ஓராண்டு தாண்டியவர்கள் மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 16.3 விழுக்காடு, நிவோலுமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் 43.4 விழுக்காடு. முழு அளவோடு நேருக்கு நேர் ஒப்பிடவில்லை என்பது நியாயமான குறைதான். ஆனாலும் அதிகம் பேருக்குப் பலன் என்ற அளவுகோலில், ஆடம்பரக் கூட்டு மருந்துகள் பலவற்றைவிட இந்த 20 மில்லிகிராமே உயர்ந்து நிற்கிறது. வாங்க முடியாத மருந்து யாருக்கும் வேலை செய்வதில்லை.

இந்தச் சோதனைகளுக்கு வந்தவர்கள் எல்லோரும் நோய் முற்றியவர்கள், அல்லது நோய் திரும்பியவர்கள். வாய்ப் புற்றோ கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியும் நோய். வெற்றிலை போடும் பாட்டியோ அத்தையோ வீட்டில் இருந்தால், கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரத்தையும் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளை, சிவப்புத் திட்டோ இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ தெரிந்தால் பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.