விளையாட்டுக்கான டப் கணினி: சில விமர்சனக் குறிப்புகள்

இலக்கியப் படைப்பொன்றை அளப்பதற்குரிய கோல்கள் யாவை என்பது பற்றி நம்மிடையே நிறையவே பேசப்பட்டுள்ளது. உருவம், உள்ளடக்கம், சமுதாயப் பயன் என்னும் சொற்கள் இத்தகைய மலர்களில் ஆண்டுதோறும் இடம்பெற்று வந்துள்ளன. எனினும் நமது வீடுகளில் நாவலையும் நாடகத்தையும் விடக் கூடிய நேரத்தைத் தன்வயப்படுத்திக் கொண்டிருக்கும் ஒரு பொருளை நாம் விமர்சனத்துக்குரியதாகக் கருதியதில்லை. அதனைப் பெற்றோர் திட்டுகின்றனர், கடைக்காரர் புகழ்கின்றனர். இவ்விரண்டும் விமர்சனமாகா. விளையாடுவதற்கென்றே செய்யப்படும் டப் கணினியையே இங்குக் குறிப்பிடுகின்றேன்.

இதனை எழுத நேர்ந்த காரணம் சொந்தக் காரணமே. என் தம்பி பதினான்கு வயதினன். கனடாவில் இருக்கும் எங்கள் சின்னம்மா அவனுக்கு ஒரு டப் வாங்கப் பணம் அனுப்புவதாகவும், எதனை வாங்குவது என்பதை நானே தீர்மானிக்க வேண்டும் என்றும் கூறினார். தம்பியின் மனம் லெனோவோ நிறுவனத்தாரின் ‘லீஜன் டப்’ என்பதிற் பதிந்திருந்தது. கலைப்பீட மாணவனுக்கு இயந்திரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று அம்மா கேட்கவில்லை. தம்பி கேட்டான். கேள்வி நியாயமானதே. ஆகவே மூன்று வாரங்களாக அவ்வியந்திரத்தைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது எங்கள் வீட்டில் இருந்தது அம்மாவின் கைத்தொலைபேசி ஒன்றே. அதன் கண்ணாடி ஒரு மூலையில் வெடித்திருந்தது. எனது வகுப்பு முடியும் வரை தம்பி விறாந்தையிற் காத்திருப்பான். அவனுடைய ஆசிரியர் அனுப்பிய பாடத்தை அவன் பார்க்கத் தொடங்கும்போது பற்றரி இறங்கிவிடும். அந்த வெடித்த கண்ணாடிக்குள்ளேதான் அவன் பின்னக் கணக்குப் படித்தான். இன்று பெரிய திரை ஒன்றை அவன் கேட்பதை ஆடம்பரம் என்று தள்ளிவிட எனக்கு உரிமை இல்லை.

இனிப் பொருளை நோக்குவோம். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தைக்கு அறிமுகமான மூன்றாந் தலைமுறை லீஜன் டப்பின் திரை 8.8 அங்குலம், நொடிக்கு 165 தடவை தன்னைப் புதுப்பிக்க வல்லது. நிறை 350 கிராம் மட்டுமே. அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை ஏறக்குறைய 500 டொலர். மின்னேற்றும் வாய்கள் இரண்டு உண்டு. இயந்திரத்தைக் கிடையாகப் பிடித்து விளையாடும்போது கம்பி கைக்கு இடைஞ்சலாகாமல் இருத்தற்கே இந்த ஏற்பாடு. இதனைச் செய்தவர்கள் விளையாடுபவனின் உள்ளங்கையைப் பற்றிச் சிந்தித்திருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தொலைபேசியில் விளையாடுபவன் தன் பெருவிரல்களாலேயே திரையின் பாதியை மறைத்துக்கொள்கிறான். 8.8 அங்குலம் அக்குறையைத் தீர்க்கிறது. பத்துப் பன்னிரண்டு அங்குல டப்களோ சிறுவர் கைக்குப் பாரமானவை.

ஆயினும் இவ்வகைப் பொருளுக்கு ஒரு வரலாறு உண்டு. 2013இல் ரேசர் நிறுவனத்தார் ‘எட்ஜ்’ என்னும் விண்டோஸ் டப் ஒன்றை 1,000 டொலர் அளவில் விற்கத் தொடங்கினர். கணினியின் ஆற்றலைக் கையிலே தருவது அவர்கள் நோக்கம். அவ்வகை நிலைக்கவில்லை. மறு ஆண்டு யூலையில் என்விடியா நிறுவனத்தார் 299 டொலருக்கு எட்டங்குல ‘ஷீல்ட்’ டப்பினை வெளியிட்டனர். பாராட்டுப் பெற்ற பொருள் அது. ஆனால் ஓராண்டின் பின், 2015 யூலையில், பற்றரி அளவுமீறிச் சூடாகித் தீப்பற்றக்கூடும் என்ற அச்சத்தினால் அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்கப்பட்டவற்றுள் ஏறக்குறைய 88,000 டப்கள் மீளப் பெறப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் அதே டப் 199 டொலருக்கு மீண்டும் வந்தது. விலையைக் குறைத்தவர்கள் மின்னேற்றியையும் பெட்டியிலிருந்து நீக்கிவிட்டனர்! இவ்வரலாற்றில் ஓர் அடிப்படை முரண்பாடு புலனாகின்றது. ஆற்றல் கூடுந்தோறும் வெப்பம் கூடுகிறது. மெல்லிய தகட்டுக்குள் வெப்பம் போக வழியில்லை. இயந்திரம் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. விளம்பரத்தில் உள்ள வேகம் முதற் சில நிமிடங்களின் வேகமே.

குளிர்நாட்டு மேசையில் எழுதப்படும் மதிப்புரைகள் இதனை ஒரு சிறு குறையாகவே கூறிச் செல்கின்றன. நமக்கு அது சிறு குறையன்று. அப்பிள் நிறுவனத்தார் தமது ஐபாட்டினைப் பயன்படுத்தத்தக்க சூழல் வெப்பம் 35 பாகை செல்சியஸ் வரை என்று வரையறுத்துள்ளனர். சித்திரை வைகாசியில் நண்பகற்போதில் நமது தகரக் கூரை வீட்டின் அறையொன்று அந்த எல்லையைத் தொட்டு நிற்கும். இயந்திரம் வேலை தொடங்குமுன்னரே அதற்குரிய சகிப்பு முடிந்துவிடுகிறது. வெப்பம் லிதியம் பற்றரியின் ஆயுளையும் தின்றுவிடும். உள்ளே ஒட்டப்பட்ட பற்றரி, எளிதிற் கழற்றவியலாது. மாற்றுப் பற்றரிக்கு யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் கொழும்பைக் கைகாட்டுவார்.

மின்சாரமும் நமக்கு இயல்பாய் வாய்த்ததொன்றன்று. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபின் குடாநாடு ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவில் வந்த மின்னில் வானொலி கேட்டதை அப்பா இன்றும் சொல்வார். ஒருவர் சுற்ற, வீடே கேட்டது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு வந்தபோது அப்பா சிரித்ததன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. அதே ஆண்டில் டொலரொன்றின் பெறுமதி 200 ரூபாய் அளவிலிருந்து இரண்டே மாதங்களில் 360 ரூபாய் அளவுக்கு ஏறியது. 500 டொலர் என்பது சின்னம்மாவுக்கு ஒரு தொகை. எங்களுக்கு வேறொரு தொகை.

இவ்வளவு ஆற்றலும் எதற்கு? தம்பியும் அவன் தோழரும் பெரும்பாலும் விளையாடுவன ‘ஃப்ரீ ஃபயர்’, ‘பப்ஜி’ ஆகியனவே. 2017இல் வெளியான ஃப்ரீ ஃபயர் விலைகுறைந்த தொலைபேசிகளிலும் ஓடத்தக்கதாய் அமைந்தமையே அது ஏழை நாடுகளிற் பரவியதற்கு ஒரு காரணம். அதற்கு லீஜன் வாங்குவது தேங்காய் உடைக்கக் கோடரி வாங்குவது போன்றது. பாரமான விளையாட்டுகளும் உள்ளன; 2020இல் வெளிவந்த ‘கென்ஷின் இம்பாக்ட்’ அவற்றுள் ஒன்று. அதன் காட்சிகளைப் பெரிய திரையிற் பார்த்தபோது உண்மையிலேயே மலைத்தேன். மலையும் மழையும் காற்றில் அசையும் புல்லும் ஓர் ஓவியனின் கைவண்ணமென்றே சொல்ல வேண்டும். ஆனால் அது ஒரு கதை. அக்கதை 15 மொழிகளில் எழுத்தாய் வருகிறது. தாய், வியட்நாமிய, இந்தோனேசிய மொழிகள் அப்பட்டியலில் உண்டு. தமிழ் இல்லை. அன்ட்ரொயிட் கணினியின் கட்டளைகளைத் தமிழில் அமைத்துக்கொள்ள முடியும். அதற்குள் வாழும் கதைக்குத் தமிழ் தெரியாது. தம்பி அக்கதையைப் படிப்பதில்லை, பொத்தானை அழுத்தித் தள்ளிவிடுகிறான். இவ்வளவு செலவில் உருவான உள்ளடக்கத்தில் அவனுக்குக் கிடைப்பது வெறும் உருவம்.

நேர விரயம் என்ற குற்றச்சாட்டு எல்லோரும் கூறுவது. அதனைச் சற்று நிதானமாக நோக்க வேண்டும். விடிய விடியக் கண்விழித்தல் நமக்குப் புதிதன்று. காத்தான் கூத்துப் பார்க்கப் பாயும் தலையணையுமாகப் போய், விடியும்வரை இருந்தவர்களே நமது பாட்டன் பாட்டிமார். கல்வியாளர் பலர் அதனைப் பாமரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியிருந்த காலம் ஒன்று உண்டு, பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையில் கூத்தினை மேடையேற்றியபோதுதான் அது கலையாகப் பலர் கண்ணிற் பட்டது. நாளை யாரேனும் ஒருவர் இவ்விளையாட்டுகளுக்கும் அப்பணியைச் செய்யலாம். எனவே நேரம் போகிறது என்பது தனியே ஒரு குறையாகாது. குறை வேறிடத்தில் உள்ளது. காத்தவராயன் கழுமரம் ஏறும்போது வானம் வெளுக்கும், மங்களம் பாடப்படும், பாயைச் சுருட்டிக்கொண்டு சனம் வீட்டுக்குப் போகும். முடிவு என்பது அக்கலையின் அமைப்புக்குள்ளேயே இருந்தது. இவ்விளையாட்டுகளிலோ நாள்தோறும் ஒரு பரிசு, மாதந்தோறும் ஒரு புதிய பருவம், இன்று வராதவனுக்கு ஓர் இழப்பு என்றே அமைப்பு வகுக்கப்பட்டுள்ளது. இலவசம் என்று அழைத்து, உள்ளே ஆடைக்கும் ஆயுதத்துக்கும் காசு கேட்பவன் மங்களம் பாடமாட்டான். சீன அரசு 2021இல் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய நாட்களிலும் விடுமுறை நாட்களிலும் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே இணையத்தில் விளையாடலாம் எனச் சட்டம் விதித்தது. கலை தராத முடிவை அங்குச் சட்டம் தந்தது எனலாம். லீஜன் வரிசையின் முதல் எட்டங்குல டப் அடுத்த ஆண்டிலே அதே சீனாவில் விற்பனைக்கு வந்தமை கவனிக்கத்தக்கது. அது யாருக்காகச் செய்யப்பட்டது? பதினான்கு வயதினனுக்காக அல்ல என்றே தோன்றுகிறது.

எனினும் எனது வாதங்களையெல்லாம் தம்பி ஒரு சனிக்கிழமை காலையில் உடைத்தான். அவன் விளையாடுவது சின்னம்மாவின் மகனோடு. இங்கு காலை ஏழரை. ரொறன்ரோவில் முதல் நாளிரவு பத்து மணி. சின்னம்மாவின் மகனுக்குத் தமிழ் விளங்கும், பேச வராது. தம்பிக்கு ஆங்கிலம் விளங்கும், பேசக் கூச்சம். தொலைபேசியில் அவர்கள் இருவரும் பேசினால் ‘சுகமா’ என்பதோடு முடிந்துவிடும். விளையாட்டினுள் ஒருவனுக்குச் சூடுபட்டால் மற்றவன் ஓடிவந்து தூக்குகிறான். ‘பின்னால, பின்னால’ என்று தம்பி கத்த, ‘வாறன்’ என்று கனடாவிலிருந்து ஒரு குரல் வருகிறது. அந்தச் சொல்லை எந்த மாலைநேரத் தமிழ்ப் பள்ளியும் அவனுக்குக் கற்பிக்கவில்லை. சகோதரன் என்றே தம்பி அவனைப் பற்றிப் பேசுகிறான். போர் சிதறடித்த ஒரு குடும்பத்தில் இதற்குரிய மதிப்பை எந்த அளவுகோலால் அளப்பது? நான் படித்த மதிப்புரைகளுள் ஒன்றேனும் இந்த நிறையைக் குறிப்பிடவில்லை. ஆயின் இதுவும் அம்மாவின் வெடித்த தொலைபேசியிலேயே நடைபெறுகிறது என்பதையும் மறத்தலாகாது. உறவைத் தந்தது 165 தடவை புதுப்பிக்கும் திரையன்று.

என்னைத் தீர்மானத்துக்குக் கொண்டுவந்தது வேறொரு செய்தி. ‘ரோப்லொக்ஸ்’ என்னும் தளத்தில் பிள்ளைகள் தாமே விளையாட்டுகளை ஆக்கி மற்றவர்க்கு அளிக்கலாம். தம்பிக்கு அதில் ஆசை உண்டு. நல்லூர்த் தேரோட்டத்தை ஒரு விளையாட்டாக்கினால் எப்படியிருக்கும் என்று ஒருநாள் கேட்டான். அங்கு ஆடுவதற்கு டப் போதும். ஆக்குவதற்குரிய செயலி விண்டோஸ், மக் கணினிகளில் மட்டுமே இயங்கும். கூத்துப் பார்த்தவனின் மகன் அண்ணாவியாரிடம் போய் ஆடப் பழகலாம் என்றிருந்த வழி இங்கு இயந்திரத்தாலேயே அடைக்கப்பட்டுள்ளது. டப்பில் ஆக்க முடியாதா என்றால் முடியும். ‘மைன்கிராஃப்ட்’டில் அவன் ஒரு கோபுரமே கட்டியிருக்கிறான். ஆனால் அது பிறர் தந்த கட்டைகளை அடுக்குதல். விதியை எழுதுபவனுக்கு விசைப்பலகையும் கணினியும் வேண்டும்.

சின்னம்மாவுக்கு என் தீர்மானத்தை எழுதி அனுப்பினேன்: அதே பணத்துக்குப் பாவித்த மடிக்கணினி ஒன்று, மீதியில் அம்மாவின் தொலைபேசிக்குப் புதுக் கண்ணாடி. தம்பி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, மடிக்கணினியில் சனிக்கிழமை விளையாட்டு ஓடுமா என்று கேட்டான். நாங்கள் வாங்கக்கூடிய பழைய கணினியில் அது திக்கித் திக்கித்தான் ஓடும் என்று உண்மையைச் சொன்னேன். ‘அப்ப சனிக்கிழமைக்கு அம்மான்ர ஃபோன் எனக்குத்தான்’ என்றான். அம்மா சம்மதித்திருக்கிறார்.